மேல்பம்பும் கீழ்ப்பம்பும்

மோட்டார் வண்டியின் கிளட்சைப் பற்றி ஓர் இலக்கியப் பகுதியில் எழுதப் புகுந்தமைக்கு நேயர்கள் என்னை மன்னிப்பார்களாக. நிலவையும் தென்றலையும் எழுத வல்லவர் பலர் உளர். நான் ஒரு தோட்டத்துக் கிராணி. எண்ணெய்த் தகரங்களுக்கும் உர மூட்டைகளுக்கும் கணக்கெழுதுவது என் தொழில். அக்கணக்கில் நான் செய்த ஒரு பிழையால், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நடுவழியில் கிடக்க நேர்ந்தது. அதனை எழுதாமல் வேறு எதனை எழுதினாலும் என் பேனா என்னைப் பார்த்து நகைக்கும்.

எங்கள் தோட்டம் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் பக்கம் செல்லும் 50ஆம் எண் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கியிருப்பது. முன்னர் ரப்பர் மரங்கள் நின்ற நிலம்; இப்பொழுது செம்பனை. ஆபீஸ் வேலைக்கென்று ஒரு பழைய டீசல் பிக்கப் உண்டு. கையால் கியர் மாற்றும் வகை. அதன் ஓட்டுநர் அறுபதைக் கடந்த பெரியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, லேண்ட் ரோவர் வண்டிக்குத் துணையாளாகச் சேர்ந்தவர். நானோ நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில், ஆங்கில வழியில் பயின்றவன். அவர் என்னை 'ஐயா' என்பார். நான் அவரை 'அண்ணே' என்பேன். என் தந்தையின் வயதுடைய ஒருவர் என்னை ஐயா என்பதில் நானும் வியப்புற்றதில்லை, அவரும் வியப்புற்றதில்லை. தோட்டத்து வழக்கம் அப்படி.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் ஆபீஸ் வாசலில் நின்று, "ஐயா, கிளட்ச் பஞ்சுபோல் அமுங்குகிறது. குப்பியில் எண்ணெயும் குறைகிறது. கீழ்ப்பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்றார்.

"எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாமே, அண்ணே" என்றேன் நான். ஒரு குப்பி பிரேக் எண்ணெயைக் கொடுத்துக் கணக்கிலும் எழுதினேன். பட்டறைச் செலவென்றால் துரைக்கு விளக்கம் எழுத வேண்டும். எண்ணெய்க் குப்பிக்கு ஒரு கையெழுத்துப் போதும். மறு வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்று முறையும் குப்பிதான் கொடுத்தேன்.

நிற்க. கிளட்ச் என்பது யாதெனில், ஓடுகின்ற இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் வேண்டும்போது இணைத்து வேண்டாதபோது பிரித்து வைக்கும் தட்டு. 1994இல் வந்த கஞ்சில் போன்ற சிறு கார்களில், காலால் மிதிக்கும் விசையை ஒரு கம்பிவடம் இழுத்துச் செல்லும். எங்கள் பிக்கப்பில் வடம் இல்லை; எண்ணெய்தான் வடம். மிதியை அழுத்தினால் அதனருகே உள்ள பம்பு எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும். கியர்ப் பெட்டியின் பக்கத்தே உள்ள இன்னொரு பம்பில் அவ்வெண்ணெய் ஒரு கோலை வெளியே உந்தும். அக்கோல் ஒரு கவையைத் தள்ள, தட்டு பிரியும். முன்னதற்கு ஆங்கிலத்தில் எசமான் என்றும் பின்னதற்கு அடிமை என்றும் பொருள்படும் பெயர்களை இட்டிருக்கிறார்கள். நம்மூர்ப் பட்டறைகளில் மேல்பம்பு, கீழ்ப்பம்பு என்பார்கள். எனக்கு இந்தப் பெயர்களே பிடித்திருக்கின்றன.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் குன்றாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1663இல் வெளிவந்தது. பள்ளியில் நான் மனப்பாடம் செய்தது அது. கீழ்ப்பம்பின் வாய் மேல்பம்பின் வாயைப் போல் இருமடங்கு பரப்புடையதானால் விசை இரட்டிக்கும், தூரம் பாதியாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஆனால் நீர்மத்தினுள் காற்று புகுந்தால் இக்கணக்கு அத்தனையும் வீண். காற்று சுருங்கும், காலின் விசையெல்லாம் அதனைச் சுருக்குவதிலேயே கழியும். பெரியவர் 'பஞ்சு' என்றது அதனையே. காற்று புக ஒரு வழி இருந்தால் எண்ணெய் ஒழுகவும் அதுவே வழி. இதனை எண்ணிப் பாராமல் குப்பி குப்பியாய் ஊற்றக் கொடுத்தவன், பாஸ்கலை மனப்பாடம் செய்த நான்.

நான்காம் முறை அவர் வந்தபோது ஸ்டோரில் பிரேக் எண்ணெய் தீர்ந்திருந்தது. டிராக்டருக்கான பெரிய தகரம் ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் 'ஹைட்ராலிக் ஆயில்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நம் வண்டியில் இருப்பதும் ஹைட்ராலிக் கிளட்ச்தானே! ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். பெரியவர் அதனை முகர்ந்தார். இரு விரலிடையே தேய்த்தார்.

"ஐயா, இதன் வாடை வேறாக இருக்கிறதே."

"பெயர் எழுதியிருக்கிறது, அண்ணே. எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன்.

இச்சொல்லை எழுதும்போது இன்றைக்கும் என் முகம் சுடுகிறது. அவர் மறுமொழி கூறவில்லை. கொண்டுபோய் ஊற்றினார்.

ஏறத்தாழ இரண்டு வாரம் சென்றது. மிதி கனத்துப் போயிற்று. அழுத்தினால் மெதுவாகவே மேலே வந்தது. ஒரு நாள் இரவு, மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், லயத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளைக்கு இழுப்பு நோய். கையில் இருந்த மருந்து கேட்கவில்லை. உதடு கறுத்திருந்தது. என் கார் அன்று என் மனைவியோடு அவள் பிறந்தகத்தில் இருந்தது. லயத்தில் இருந்தவையெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பும் நேரத்தில் நாமே குளுவாங் ஆஸ்பத்திரியைச் சேர்ந்துவிடலாம் என்று பிக்கப்பை எடுத்தோம்.

செம்மண் பாதையைத் தாண்டிச் சாலை ஏறும் இடத்தில் பெரியவர் வண்டியை நிறுத்தினார். மீண்டும் கிளப்ப மிதித்தபோது மிதி கீழே போயிற்று, மேலே வரவில்லை. கியர் 'கர்' என்று அலறியது, விழவில்லை. அவர் புறங்காலால் மிதியைத் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தார். ஏழெட்டு முறை மிதித்தும் பயனில்லை. பின்னிருக்கையில் அந்தப் பிள்ளையின் மூச்சு, ஓட்டை ஊதலை ஊதுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. தாய் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

பெரியவர் இயந்திரத்தை அணைத்தார். அணைந்த நிலையில் முதல் கியரைப் போட்டார். அது எளிதில் விழுந்தது. பின் சாவியைத் திருப்பினார். வண்டி தவளைபோல் இரண்டு தாவல் தாவி, இயந்திரம் பற்றிக்கொள்ள, ஓடத் தொடங்கியது. இக்கால வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டர் சுழலாது; எங்கள் வண்டி பழையதாயிருந்தது நல்லதாயிற்று. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது விசைமிதியை விட்டார். கியரை நடுவுக்கு இழுத்தார். இயந்திரத்தின் ஓசை தாழ்ந்து ஒரு சுருதிக்கு வரும்வரை காத்திருந்தார். அவ்வேளையில் இரு விரலால் மெல்லத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கியர் விழுந்தது. மிதியில் அவர் கால் படவேயில்லை. பட்டணத்துச் சிவப்பு விளக்கில் மட்டும் இயந்திரத்தை அணைத்து மறுபடி தாவ வேண்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் அதனைக் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மருந்துப் புகை பிடித்தார்கள், பிராணவாயு கொடுத்தார்கள். விடியற்காலை அவள் கண்ணைத் திறந்து மைலோ கேட்டாள். நான் வெளியே வந்து சுவரோரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்கொட்டகைக்குப் போனேன். நானாகவே போனேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த மட்டுக்கேனும் எனக்கு மதிப்பெண் உண்டு. பெரியவர் முதலில் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்து காட்டினார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊறி, நெளிந்து, தன் பள்ளத்தில் அடங்காமல் பிதுங்கி நின்றது. பின் இரண்டு தேநீர்க் கிளாசில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் புதிய பிரேக் எண்ணெயைச் சில துளி விட்டார். அது தண்ணீரோடு கலந்து காணாமற் போயிற்று. மற்றொன்றில் டிராக்டர் எண்ணெயை விட்டார். அது கண்கண்ணாக மேலே மிதந்தது.

விளக்கம் நான் பின்னர்ப் படித்தறிந்தது. பிரேக்குக்கும் இத்தகைய கிளட்சுக்கும் உரிய நீர்மம் பொதுவாகக் கிளைகால் வகையைச் சேர்ந்தது. டிராக்டருடையது மண்ணெண்ணெய்க்கு உறவான கனிம எண்ணெய். கிளைகாலுக்கென்று செய்த ரப்பர் சீல்கள் கனிம எண்ணெயைக் குடித்து ஊதிவிடும், இளகிவிடும், எண்ணெயைத் தடுக்கும் உதடு உருக்குலைந்துவிடும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே குப்பி. எங்கள் வண்டி அவ்வகையாய் இருந்திருந்தால் அவ்விரவு பிரேக்கும் போயிருக்கும். அதனை எண்ண நான் விரும்புவதில்லை.

ஆராயும் முறையையும் அவரே கற்பித்தார். மிதிக்கு அடியில் விரிப்பு நனைந்திருந்தால் மேல்பம்பு ஒழுகுகிறது, எங்களுடையது காய்ந்திருந்தது. கீழே படுத்துக் கீழ்ப்பம்பின் ரப்பர் உறையை விலக்கினார். எண்ணெய் அவர் முழங்கையில் வழிந்தது. முதல் நாள் அவர் சொன்ன இடம். பிறகு என்னை மிதிக்கச் சொல்லிக் கோலைப் பார்த்தார். "கால் போகிறது, கோல் போகவில்லை" என்றார். கோல் முழுத் தூரம் போயும் கியர் அலறினால் குற்றம் உள்ளே இருக்கிறது, பெட்டியை இறக்க வேண்டும். அந்தப் பெருஞ்செலவுக்கு முன் இந்தச் சிறு சோதனை. இயந்திரம் மட்டும் இரைந்து வண்டி மேடேறாமல் நின்றால் தட்டுத் தேய்ந்தது. அது வேறு நோய். குப்பியில் எண்ணெய் குறைந்தால் ஒழுக்கு என்றே கொள்ள வேண்டுமாம். பிரேக்கில் தேய்மானத்தால் எண்ணெய் சற்று இறங்கும். எங்கள் வண்டியினது போன்ற கிளட்சில், தட்டுத் தேயத் தேயக் கோல் உள்வாங்கி, எண்ணெய் மேலே ஏறும். நான்கு வாரம் நான் எழுதிய கணக்கே, படிக்கத் தெரிந்தவனுக்கு, நோயைச் சொல்லியிருக்கும்.

மேல்பம்பு, கீழ்ப்பம்பு, ரப்பர்க் குழாய் மூன்றையும் மாற்றினோம். இரும்புக் குழாயை ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்தினோம். பின் காற்றை வெளியேற்றும் வேலை. கீழ்ப்பம்பின் திருகில் ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டி, அதன் முனையை எண்ணெய்ப் போத்தலில் அமிழ்த்தி, அவர் அடியில் படுத்தார். நான் மேலே இருந்தேன்.

"மிதி."

மிதித்தேன். திருகைத் திறந்தார். குமிழிகள் போத்தலில் பொங்கின. அவர் திருகை மூடுமுன் நான் காலை எடுத்துவிட்டேன். வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போயிற்று.

"நான் 'விடு' என்றால்தான் விட வேண்டும், தம்பி" என்றார் அடியிலிருந்து.

தம்பி என்றார். நான் அசையாமல் இருந்தேன். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. இடையிடையே குப்பி வற்றாமல் ஊற்றிக்கொண்டேன். வற்றினால் மேலிருந்து காற்று புகும். இருபது இருபத்தைந்து முறைக்குப் பின் குமிழி நின்றது. மிதி என் காலை எதிர்த்து நின்றது. நான் சிந்திய எண்ணெய் மட்டும் முன் மட்கார்டின் வண்ணத்தைத் தின்றுவிட்டது. உடனே நீர் விட்டுக் கழுவாத குற்றம். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

இந்நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். பம்பின் உட்சுவரும் துருப்பிடிக்கும். ஜொகூர் மழைக்குக் கேட்க வேண்டுமா? திறந்த குப்பியை இப்பொழுது நான் ஸ்டோரில் வைப்பதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுதும் மாற்றுவதற்கு ஏட்டில் நாள் குறித்திருக்கிறேன். டிராக்டர் தகரத்தின்மேல் தமிழிலும் மலாயிலும் பெயரெழுதி ஒட்டியிருக்கிறேன்.

துரைக்கு அனுப்பிய செலவுத்தாளில் 'காரணம்' என்னும் கட்டத்தில் 'கிராணி தவறான எண்ணெய் கொடுத்தது' என்று எழுதினேன். அவர் அதனைப் படித்து, என்னை ஏறிட்டுப் பார்த்து, கையெழுத்திட்டார். பிள்ளையின் தாயிடமும் போய்ச் சொன்னேன். அவள் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "டிரைவர் அண்ணன் இருந்தாரே, ஐயா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் ஆபீஸ் வாசலில் வழக்கம்போல் 'ஐயா' என்றார். தம்பி என்றே அழையுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, குப்பியின் பக்கத்தில் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு கோடு கிழிக்க மார்க்கர் பேனா கேட்டார். கோடு கிழித்து எட்டு மாதமாகிறது. நேற்றுக் குனிந்து பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது.