பழைய உருவமும் புதிய உருவமும்: ஒரு பேஸ் கிற்றாரை முன்வைத்து

மரபும் புதுமையும் பற்றிய விவாதம் நம்மவர்க்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் எழுந்த மரபுப் போராட்டத்தைத் தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். பேச்சுவழக்குச் சொற்கள் இலக்கியத்தில் இடம்பெறலாமா, மரபு என்பது மாறாததா, காலத்தோடு வளர்வதா என்பன அன்று கேட்கப்பட்ட வினாக்கள். அவற்றை நான் நூல்களிற் படித்திருந்தேன். ஆயினும் அவற்றின் கனத்தை எனக்கு உணர்த்தியது ஓர் இசைக்கருவியே. அது பேஸ் கிற்றார்.

சாதாரண கிற்றாரிலும் நீண்ட கழுத்தும், பெரும்பாலும் நான்கு தடித்த கம்பிகளும் உடையது பேஸ் கிற்றார். மந்தர ஸ்தாயியில் ஒலித்துத் தாளத்தையும் பாட்டையும் பிணைத்து நிற்பது அதன் பணி. கேட்போர் அதனைத் தனியே கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும் ஏதோ குறைந்துவிட்டதென உணர்வர்.

திகனப் பகுதியில் கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் வாசிக்கும் சிறு இசைக்குழு ஒன்றில் நான் இக்கருவியை வாசித்து வருகிறேன். குழுவிடம் இரண்டு பேஸ் கிற்றார்கள் இருந்தன. ஒன்று, 1962 ஆம் ஆண்டின் அமைப்பைப் பின்பற்றி அண்மைக்காலத்திற் செய்யப்பட்டது. நான்கு கம்பிகளை உடையது. மற்றையது, குழுவினர் ஒருவர் கட்டாரில் தொழில் புரிந்து திரும்பியபோது கொண்டுவந்து குழுவுக்கென அளித்தது. ஐந்து கம்பிகளும், பற்றறியால் இயங்கும் மின்சுற்றும் உடையது. 2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் இத்தகைய இறக்குமதிப் பொருள்களின் விலை எங்கள் கைக்கு எட்டாததாயிற்று. இந்நிலையில் எங்கள் ஒலிபெருக்கி பழுதடைந்தது. கிற்றார்களுள் ஒன்றை விற்றே இன்னோர் ஒலிபெருக்கி வாங்க முடியும் என்றாயிற்று. எதனை விற்பது?

குழு இரண்டாகப் பிரிந்தது. மூத்தவரான மாமா பழைய உருவத்தின் பக்கம் நின்றார். "பற்றறி செத்தா பாட்டும் செத்துப்போகும் தம்பி" என்பது அவர் வாதம். எங்களுள் இளையவனோ, "பழைய பாட்டையே வாசிச்சுக்கிட்டிருந்தா நாமளும் பழைய சாமானா ஆயிருவோம் மாமா" என்றான். இரண்டு கூற்றுகளும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. எனவே "பழையது" எனப்படுவது யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் என்பவர் 1951 இல் வெளியிட்ட "பிரிசிஷன்" என்னும் பேஸ் கிற்றாரே இவ்வினத்தின் பரவலுக்கு வழிகோலியது. அதற்கு முன்னர் மந்தர ஒலிக்கு ஆளுயரப் பெருவயலினையே நம்பவேண்டியிருந்தது. அதன் கழுத்தில் சுரத்தானங்களைக் காட்டும் கட்டைகள் இல்லை. ஃபென்டர் உலோகக் கட்டைகளைப் பதித்தமையால் சுரம் பிசகாது பிடிக்க இயன்றது. பெயரும் அதனாலேயே அமைந்தது. 1957 இல் அதன் காந்தச் சுருள் இரு கூறாக மாற்றியமைக்கப்பட்டது. 1960 இல் "ஜாஸ்" எனும் இன்னோர் உருவம் வந்தது. 1965 இல் அந்நிறுவனம் கைமாறியது. அதற்கு முற்பட்ட கருவிகளே சிறந்தவை என்னும் எண்ணம் பின்னர் வலுப்பெற, 1982 இல் அந்நிறுவனமே தனது 1957, 1962 ஆம் ஆண்டுகளின் அமைப்புகளை மீண்டும் செய்து விற்கத் தொடங்கிற்று.

இங்கு மனங்கொள்ளத்தக்க ஒன்றுண்டு. நிறுவனத்தை விற்ற ஃபென்டர் ஓய்ந்திருக்கவில்லை. அவர் பங்காற்றிய மற்றொரு நிறுவனம் 1976 இல் வெளியிட்ட "ஸ்டிங்ரே" என்னும் பேஸ் கிற்றார், பற்றறியால் இயங்கும் மின்சுற்றைப் பரவலாக்கிய கருவிகளுள் ஒன்று. அவரது பழைய படைப்பை மற்றையோர் படியெடுத்துக்கொண்டிருக்க, அவரோ 1991 இல் மறையும்வரை புதிய அமைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். மரபெனப் போற்றப்படுவதைத் தோற்றுவித்தவர் பெரும்பாலும் மரபுவாதியாய் இருப்பதில்லை.

இரு உருவங்களுக்கும் இடையிலான வேறுபாடுகள் சிலவே. ஆயின் அவை அற்பமானவையல்ல. பழைய உருவத்தில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக்கி நேரே அனுப்புகிறது. ஒலியின் அளவுக்கு ஒரு திருகும், மேலொலியைக் குறைக்க ஒரு திருகுமே உள்ளன. இல்லாத ஒன்றை அதனாற் கூட்ட இயலாது. புதிய உருவத்தில் 9 வோல்ற் பற்றறி ஒன்று சிறு மின்சுற்றை இயக்க, கீழொலி, மேலொலி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. பழையதன் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். புதியதன் ஐந்தாம் கம்பி 31 ஹேர்ட்ஸ்வரை இறங்கும். மழையும் வெயிலும் மாறிமாறி வரும் எங்கள் பகுதியிற் கழுத்து மரம் சிறிது வளைவதுண்டு. அதனை நிமிர்த்தும் இரும்புத் தண்டின் திருகு புதியதில் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. பழையதிலோ அது கழுத்தின் அடியில் மறைந்திருப்பதால், கழுத்தையே கழற்ற நேர்கிறது. பழையது யாவும் எளிது என்பார் இதனையும் கருதுதல் வேண்டும்.

வாதத்தால் முடியாததைச் செவியால் முடிப்போம் எனக் கருதி ஒரு மாலை சிறு சோதனை ஒன்றைச் செய்தோம். நான் திரைக்குப் பின்னே அமர்ந்து, இளையராஜாவின் 1980களின் பாடல் ஒன்றை இரு கருவிகளிலும் வாசித்தேன். புதியதன் மேலொலியை மட்டும் சற்றுக் குறைத்திருந்தேன். கேட்ட ஐவருள் மூவர் புதியதையே "பழையது" என்றனர். மாமாவும் அம்மூவருள் ஒருவர். திரையை விலக்கியதும் முதலிற் சிரித்தவரும் அவரே.

அவர் செவி பழுதுடையதன்று. அவர் தலைமுறையினர் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப் பாடல்களையும், 1976 இல் "அன்னக்கிளி" மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களையும் பெரும்பாலும் வானொலி வாயிலாகவே கேட்டனர். சிறிய வானொலிப்பெட்டியின் ஒலிபெருக்கி 41 ஹேர்ட்ஸ் ஒலியை எழுப்ப வல்லதன்று. அடிச்சுரம் கேளாதபோதும் அதன் மேலெழும் கிளைச்சுரங்களைக் கொண்டு மூளை அதனை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே "பழைய ஒலி" என நாம் நினைவிற் காப்பது கருவியின் ஒலி மட்டுமன்று; அதனை நம்மிடம் சேர்ப்பித்த பெட்டியின் குறைபாடும், அதனை நிரப்பிய நம் மனமும் அதில் உண்டு. இவ்வுண்மை பழமைமீது கொண்ட பற்றைப் பொய்யாக்கவில்லை. அப்பற்று கருவியின் மரத்திலும் காந்தத்திலும் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

1990களின் நடுப்பகுதி முதல் வேறொரு வழக்கமும் தோன்றியது. புதிய கிற்றாரின் பூச்சைத் தொழிற்சாலையிலேயே உராய்ந்து, பல்லாண்டு வாசித்துத் தேய்ந்ததுபோல் ஆக்கி, கூடிய விலைக்கு விற்கின்றனர். தேய்வு என்பது வேறு வழியின்மையின் அடையாளமாக உள்ள எங்கள் ஊரில் இது வியப்பாகவே தோன்றும். எங்கள் திருவிழாக்களில் முழங்கும் தப்பைப் பாருங்கள். அதனைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றி அடிப்பர்; தோல் கிழிந்தால் வேறு தோல் போர்த்துவர். தோலின் வயதை எவரும் கேட்பதில்லை. அடி மட்டும் கைமாறி வருகிறது. மரபு அவ்வடியில் இருக்கிறது.

நம் பேராதனை வளாகத்தின் வரலாறும் இதனை உணர்த்தும். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் சுருக்கி, செம்மைப்படுத்தி, "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலியனவாக மேடையேற்றினார். அவை பழைய கூத்துமல்ல, முற்றிலும் புதிய நாடகமுமல்ல. எதனைக் கொள்வது, எதனை விடுவது எனத் தம் காலத்தில் நின்று ஒருவர் செய்த தெரிவின் விளைவு அவை. 1962 ஆம் ஆண்டின் உருவிற் செய்யப்பட்ட கிற்றாரும் அத்தகையதே. பழமைபோல் தோன்றினும் அது இன்றைய தெரிவு. திகனவிலிருந்து சிறிது தொலைவில், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய தெல்தெனிய நகர் கிடக்கிறது. நீர் வற்றுங் காலத்தில் அதன் எச்சங்களைக் காண மக்கள் செல்வர். ஆயின் காய்கறி வாங்க அதே பெயர் தாங்கிய புதிய நகருக்கே செல்கின்றனர். காண்பதற்குரிய பழமையும், கைக்கொள்வதற்குரிய பழமையும் வெவ்வேறு என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

ஈற்றில் நாங்கள் ஐந்து கம்பிக் கருவியையே விற்றோம். பழையது உயர்ந்தது என்பதனாலன்று. எங்களால் வாங்கக்கூடிய ஒலிபெருக்கி 31 ஹேர்ட்ஸ் ஒலியைத் தரவல்லதன்று. கிடைக்காத ஒலிக்கு ஒரு கம்பியை வைத்திருப்பதிற் பயனில்லை. பழையதன் எளிய மின்சுற்றைக் கண்டியில் வானொலி திருத்துவோர் எவரும் பற்றவைத்துத் தருவர். இழப்பும் உண்டு. இளையவன் தான் இயற்றிய பாட்டொன்றுக்கு நான்காம் கம்பி எட்டாத தாழ்ந்த சுரமொன்றை அமைத்திருந்தான். கருவி விலைப்பட்ட அன்று அவன் எவரோடும் பேசவில்லை.

மறுவாரம் பழைய கருவியின் தடித்த கம்பியைத் தளர்த்தி ஒரு முழுச் சுரம் கீழே இறக்கினேன். கம்பி சற்றுத் தொய்ந்தது. கட்டையில் மோதிச் சலசலத்தது. அவன் பாலத்தின் திருகைத் திருப்பிக் கம்பியைச் சிறிது உயர்த்தினான். அவன் வேண்டிய சுரம் கிடைத்தது. 1962 ஆம் ஆண்டின் உருவில் அவனுடைய பாட்டு முதன்முறையாக முழுமையாக ஒலித்தது. மாமா இறுதிவரை இருந்து கேட்டார். பின்னர் அடுத்த திருவிழாவுக்குரிய பாடற் பட்டியலை எடுத்து, அதன் கீழ் அப்பாட்டையும் எழுதிவைத்தார்.