கழக்கூட்டத்தில் கார் வாங்கும் கணக்கு

மாலை ஆறு மணிக்கு கழக்கூட்டம் சந்திப்பில் இரண்டு ஊர்கள் தெரிகின்றன. தலைக்கு மேலே, 2022ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தில் கொல்லம் போகும் வண்டிகள் நிற்காமல் பறக்கின்றன. கீழே, தூண்களுக்கு நடுவே, டெக்னோபார்க்கிலிருந்து வெளிவரும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பலவற்றில் ஓட்டுபவரைத் தவிர யாரும் இல்லை. ஓரமாகக் குடைபிடித்து நிற்கும் கூட்டம், பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

திருவனந்தபுரத்தின் வடகோடியில், நகர மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்த ஊருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து அழிந்த எட்டுவீட்டில் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1962ல் சைனிக் பள்ளி வந்தது. ஊரின் தலையெழுத்தை மாற்றியது 1990ல் பக்கத்து வைத்யன் குன்றில் தொடங்கிய டெக்னோபார்க். 1995ல் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பம்பா, பெரியாறு, நிளா, பவானி என்று ஆறுகளின் பெயர் தாங்கிய கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. இன்று அங்கே வேலை செய்பவர்கள் 70,000க்கும் மேல். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களும் அதில் கணிசம்.

ஊருக்குப் போக்குவரத்து வசதி இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலை ஊர் நடுவே போகிறது. ரயில் நிலையம் இருக்கிறது. அரசு பஸ்ஸுக்கோ இங்கே ராஜ பாரம்பரியமே உண்டு: 1938ல் திருவிதாங்கூர் அரசு பஸ் சேவை தொடங்கியபோது முதல் பஸ்ஸில் பயணம் செய்தவர் மகாராஜா சித்திரைத் திருநாள். ஓட்டியவர் லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட அதிகாரி சால்ட்டர். பிறகு ஏன் கார்?

அந்தஸ்து என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கல்யாணச் சந்தையில் காருக்கு இருக்கும் மதிப்பை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பெரிய காரணம் வீடு இருக்கும் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஊர் முகப்பில் பஸ் நின்றால் ஊருக்கே போதும். கேரளத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். தென்னையும் பலாவும் சூழ்ந்த தனித்தனிப் புரையிடங்கள், அவற்றுக்குப் போகும் ஏற்ற இறக்கமான இடவழிகள். பஸ் பெரிய சாலையோடு போய்விடும். இறங்கியவர் அரை மைலோ ஒரு மைலோ நடக்க வேண்டும். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் துலாவர்ஷம் என்று இன்னொன்று. சட்டை நனையாமல் அலுவலகம் சேர்வது அதிர்ஷ்டம்.

அலுவலக நேரமும் பஸ்ஸோடு ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு விடியும்போது கழக்கூட்டத்தில் இருட்டிவிடுகிறது. இரவு பத்தரைக்கு வேலை முடிக்கும் பெண், பஸ் வருமா என்று யோசிப்பதோடு, இறங்கியபின் அந்த இடவழியில் தனியாக நடப்பதையும் யோசிக்கிறாள். ஆட்டோ என்றால் பத்து மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. முதலில் ஸ்கூட்டர் வருகிறது. குழந்தை பிறந்த பிறகு, இரண்டாவது மழைக்காலத்துக்குள், கார்.

கார் வந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை கட்டியாக வேண்டும். பஸ்ஸில் போனால் மிச்சமாவது பெட்ரோல் காசு மட்டும். அந்தச் சில ரூபாய்க்காக யார் மழையில் நிற்பார்கள்? கேரளத்தில் பதிவான வாகனங்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டியதில் வியப்பில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் ஜனத்தொகையே 3.34 கோடிதான்.

இதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் 1970களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் புதிய ரயில் வரப்போகிறது. பயணிகளில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகார மதிப்பீடு. மெக்ஃபேடன் சொன்னது 6.3. ரயில் ஓடியபின் கிடைத்தது 6.2. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, நிலையத்துக்கு நடப்பதும் அங்கே காத்திருப்பதும் மனிதர்களுக்கு அதிகம் வலிக்கிறது என்பது அந்தவகை ஆய்வுகள் காட்டிய உண்மை. 2000ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கழக்கூட்டத்தில் அரசாங்கம் செலவழித்தது இதற்கு நேர்மாறாக. 2.72 கி.மீ. மேம்பாலம் காரில் உட்கார்ந்திருப்பவரின் நிமிடங்களைக் குறைத்தது. மேலே போகும் பஸ்ஸுக்கோ ஊரில் நிற்க இடமில்லை. ஏற வேண்டியவருக்கு அதே கீழ்ச்சாலை, அதே குடை.

ரயில் கனவும் வந்து வந்து போகிறது. 2012ல் மோனோ ரயில் என்றார்கள். அது கைவிடப்பட்டு, பள்ளிப்புறம் டெக்னோசிட்டியிலிருந்து கரமனை வரை 21.82 கி.மீ. லைட் மெட்ரோ திட்டம் தயாரானது. ஸ்ரீதரனின் வழிகாட்டுதலில் அதைத் தயாரித்த டெல்லி மெட்ரோ நிறுவனம் 2018ல் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. திட்டம் பின்னர் கொச்சி மெட்ரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. பாதை எது, நிலையங்கள் எத்தனை என்பதில்தான் விவாதம் முழுவதும் சுழல்கிறது. நிலையத்திலிருந்து இடவழி வரை ஒரு சின்ன பஸ், இரவு பதினொன்றுக்கும் ஓடுமா என்ற பேச்சு அபூர்வம். ஸ்கூட்டரோடு நிற்கலாமா, கார் வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பம் கேட்கும் கேள்வி அதுதான். ஷோரூமில் தவணைப் படிவம் தயாராக இருக்கிறது.