முதல்ல வாய்க்கால், அப்புறம்தான் நாற்று

எங்க வடக்குப்பட்டுல கடலும் இல்ல, அலையாத்தியும் இல்ல. ஒரகடம் கம்பெனிகளுக்கு நடுவுல ஏரித் தண்ணியை நம்பிப் பயிர் வைக்கிற ஊர். ஆனாலும் நீங்க படகுல போய்ப் பார்த்துட்டு வர்ற பிச்சாவரத்தோட கதை எங்களுக்கும் பாடம்தான்.

வெள்ளைக்காரன் காலத்துலேருந்தே அந்தக் காட்டைப் பகுதி பகுதியா மொட்டையா வெட்டினாங்க. வெட்டின இடத்துல வெயில் பட்டு ஈரம் வத்தி, தரை இறங்கித் தொட்டி மாதிரி ஆயிடுச்சு. ஏத்தத்துல உள்ள வந்த கடல் தண்ணிக்கு வத்தத்துல வெளியே போக வழியில்ல. அங்கேயே நின்னு காய்ஞ்சு உப்பேறிப் போச்சு. உப்புல வாழுற மரத்துக்கும் ஒரு அளவு உண்டே! ஒண்ணும் முளைக்கல. பழி மட்டும் விறகு பொறுக்குறவங்க மேலயும் மாடு மேய்க்கிறவங்க மேலயும் விழுந்துச்சு.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பக்கத்து ஊர் ஜனங்களைச் சேர்த்துக்கிட்டு வேலையைத் தொடங்கினாங்க. கையாலயே துழாவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களும் அதுல உண்டு. எடுத்ததும் நாற்று நடல, வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால். மேலேருந்து பார்த்தா மீன்முள்ளு மாதிரி இருக்கும். தண்ணி வந்து போக ஆரம்பிச்சதும் உப்பு குறைஞ்சுது. அப்புறம்தான் நடவு. வாய்க்கால் தூர்ந்தா மறுபடி உப்பேறிடும். அதனாலதான் தூர் வாரிப் பார்த்துக்க ஊர்க்குழு வேணும். 2004 டிசம்பர் 26 சுனாமியில அந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள்ல சேதம் குறைவு.

இப்போ எங்க பக்கம் வருவோம். ஏரின்னா கரையும் தண்ணியும் மட்டும் இல்ல. வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், அடுத்த ஏரிக்குப் போற போக்குக் கால்வாய் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஞாயித்துக்கிழமை சென்னையிலேருந்து மரக்கன்னோட வர்றீங்க, சந்தோஷம். ஆனா மனை போட்ட இடத்துலயும் ரோடு போட்ட இடத்துலயும் வரத்துக் கால்வாய் அறுந்து கிடக்கு. தண்ணி வராத ஏரியோட கரையில கன்னு எத்தனை நாள் நிக்கும்? போக்கை அடைச்சா, அதே தண்ணி மழைக்காலத்துல வீட்டுக்குள்ள வரும்.

அடுத்த தடவை வரும்போது பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. கிராம வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு, கால்வாய் எங்கே தொடங்குது, எங்கே காணாமப் போகுதுன்னு நடந்தே பார்ப்போம். அவங்களுக்கு அதைவிடப் பெரிய சுற்றுச்சூழல் பாடம் கிடையாது. அறுந்த இடத்தையெல்லாம் குறிச்சு மனு எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில வைப்போம். அதுக்குப் பின்னாடியே வடகிழக்கு மழை வந்துடும்.