ஈஷூன் ஒன்பதாவது மாடியில் ஒரு கடல்!

சிங்கப்பூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முஸ்தபா சென்டர், மெர்லயன் சிலை, செந்தோசா, லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு... எல்லாம் பாருங்க, தப்பே இல்லை. ஆனா யார் வீட்டிலாவது கடல்நீர்த் தொட்டி இருக்குன்னு கேள்விப்பட்டா, ஒரு சாயங்காலத்தை அதுக்கு ஒதுக்குங்க. நான் பார்த்தது ஈஷூனில், என் சித்தப்பா வீட்டு ஹாலில்.

200 லிட்டர் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள். நடுவில் குடைக்காளான் மாதிரி ஒன்று. லெதர் கோரல்னு பேர், மென்பவள வகை. செடின்னு நினைச்சுடாதீங்க, விலங்கு! குடையின் மேல் புல் முளைச்ச மாதிரி ஆடுவது ஒவ்வொன்றும் ஒரு பாலிப், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள். உடம்புக்குள்ளே குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தை வைத்து அதுக்குச் சாப்பாடு தயாரிச்சுத் தருது. தண்ணீர் சூடானா அந்தப் பாசியும் பவளமும் பிரியவேண்டியதுதான்.

இங்கேதான் சிங்கப்பூர் சிக்கல். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர், வருஷம் பூரா வெயில். மூடிய ஃபிளாட்டில் விளக்கும் மோட்டாரும் சேர்ந்து தொட்டியைக் கொதிக்க வச்சிடும். அதனால் சில்லர் போட்டு 26 டிகிரியில் நிறுத்தணும். நான் போய் இறங்கின வாரம், எல்லோரும் இரண்டு நாள் மலாக்கா போயிருந்தபோது அந்த சில்லர் நின்றுவிட்டது. திரும்பி வந்தா தண்ணீர் 32 டிகிரி! மீன்கள் தப்பிச்சிருச்சு. பவளம் குடையைத் தொங்கப் போட்டு, பாலிப் அத்தனையும் உள்ளே இழுத்துக்கிட்டு நின்றது. ஒரு ஓரம் பழுப்பாக அழுக ஆரம்பிச்சிருந்தது.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? மொத்தத் தண்ணீரையும் மாத்தி, ஏதாவது மருந்து ஊத்தத் தோணும். இரண்டுமே ஆபத்து. மீன் மருந்துகள் சிலதில் செம்பு இருக்கும், பவளத்துக்கு அது விஷம். சித்தப்பா அவசரப்படலை. சூட்டை மெல்ல இறக்கினார். உப்பை அளந்தார். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊத்தணும், உப்புத் தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீரும் ஆகாது. சிங்கப்பூர் குழாயில் வருவது குளோரமைன் கலந்த நீர். வாளியில் ஒரு நாள் வச்சாலும் அது லேசில் போகாது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கலந்து, வாரம் 20 லிட்டர் மட்டும் மாத்தினார்.

அழுகல் பரவாமல் இருக்க, பவளத்தைத் தனிப் பாத்திரத்துக்கு மாத்தி, புது பிளேடால் அந்த ஓரத்தை நல்ல சதை வரைக்கும் வெட்டி எறிந்தார். பார்க்க எனக்குத்தான் பகீர்னு இருந்தது! லெதர் கோரல் வெட்டுக்கு அசராத பிராணி. வெட்டின நல்ல துண்டுகூட கல்லில் ஒட்டிக்கிட்டுத் தனிப் பவளமா வளரும். காயம்பட்டா இது வேதிப்பொருளைக் கக்கி அக்கம்பக்கத்துப் பவளங்களை வதைக்கும். அதுக்காக வடிகட்டியில் கரித்தூள். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, நீரோட்டம் மேலே படும்படி மோட்டாரைத் திருப்பி வச்சார். அவ்வளவுதான்!

அப்புறம் வந்ததுதான் கஷ்டமான வேலை... சும்மா இருப்பது. பத்தாம் நாள் மெழுகுத்தாள் மாதிரி ஒரு தோல் உரிஞ்சது. போச்சுடான்னு நினைச்சேன். "டேய், அது அழுக்கை உதறுது. கையை விடாதே!"ன்னு ஒரு அதட்டல். நல்லா இருக்கும்போதுகூட இது அப்பப்போ இப்படி மூடிக்கிட்டுத் தோல் உரிக்குமாம். நாலாவது வாரம், காலை பல் தேய்ச்சுக்கிட்டே எட்டிப் பார்த்தா, குடையின் ஒரு பக்கம் மட்டும் புல் முளைச்சிருந்தது!

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு ராமேஸ்வரம் பக்கம் பவளம் தேடிக் கிளம்பிடாதீங்க. பாறைப் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கு.

சிங்கப்பூரிலேயே இதைக் காசில்லாமல் பார்க்கலாம், படகுக் கட்டணம் மட்டும்தான். மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து தெற்குத் தீவுகளுக்குப் படகு போகுது. கடலை மண் போட்டு நிரப்பியதில் இந்த நாடு தன் பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. மிச்சமிருப்பதைத் தேற்ற 2024 டிசம்பரில் ஒரு லட்சம் பவளம் நடும் திட்டத்தைத் தொடங்கியிருக்காங்க. ஓத அட்டவணை பார்த்து, நீர் நன்றாக வற்றும் நேரமாகப் போங்க. பவளத்தின் மேல் கால் வைக்காதீங்க. கலங்கின தண்ணீர் விலகின இடத்தில் லெதர் கோரல்கள் பாலிப்பை இழுத்துக்கிட்டு, வழுவழுன்னு சரிஞ்சு கிடக்கும். தொட்டியில் அப்படிக் கிடந்தா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருப்போம். அது ஓதம் ஏறுவதற்காகக் காத்துக்கிட்டு இருக்கு.