கோகாப் மலையின் சாம்பிள்

திருப்பூருக்கு நாம் சென்றது தூது செல்வதற்காக. காங்கயம் சாலையை ஒட்டிய சந்தொன்றில் மச்சான் சிறியதொரு பனியன் கம்பெனி நடத்தி வருகிறார். நான்கு பவர் டேபிள், இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கணிப்பொறி விளையாட்டுகளை ஆக்கும் கலையைத்தான் பயில்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "நீ சொன்னால் கேட்பான் தம்பி, வந்து புத்தி சொல்லிவிட்டுப் போ" என்று அக்கா அழைத்திருந்தார்.

மருமகன் நம்மோடு வாதாடவில்லை. "மாமா, ஒரு மணி நேரம் இதை ஆடிப் பாருங்கள். பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்" என்று, கம்பெனிக் கணக்கெழுத வாங்கிய கணிப்பொறியின் முன் நம்மை அமர்த்திவிட்டான்.

'பிரின்ஸ் ஆப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' என்பது விளையாட்டின் பெயர். பிரான்சு நாட்டின் யூபிசாப்ட் நிறுவனத்தார் 2024 ஜனவரி 18ஆம் நாள் வெளியிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, ஒரு பகுதியை மட்டும் எவரும் காசின்றி இறக்கிக்கொண்டு ஆடிப் பார்க்க 'டெமோ' என்று கொடுத்தனர். திருப்பூர்க்காரர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆர்டர் வாங்குமுன் பையருக்குத் தைத்தனுப்பும் சாம்பிள்தான் அது.

கடத்தப்பட்ட இளவரசன் கஸ்ஸானைத் தேடி, சார்கோன் என்னும் வீரன் காப் மலைக்குச் செல்கிறான். காப் மலை! நன்னி சொன்ன அமீர் ஹம்சா கதையில் பரிகள் வாழ்ந்த கோகாப் மலையன்றோ அது! அங்கே காலம் தன் ஒழுங்கு தவறிக் கிடக்கிறதாம். பரீதுத்தீன் அத்தாரின் காவியத்தில் முப்பது பறவைகள் தேடிச் சென்ற சீமுர்குப் பறவைதான் இம்மலைக்குத் தெய்வம் என்கிறார்கள். பண்டை ஈரானியக் கட்டுக்கதை என்ற அளவில் கொள்க. அரபுக் கதைகளில் வரும் வாக்வாக் மரமும் உண்டு. உயிர் போனால் அம்மரத்தடியிலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டும்.

நமக்கு அடிக்கடி உயிர் போயிற்று. சுவரில் உதைத்து எதிர்ச்சுவருக்குத் தாவி, அங்கிருந்து மேடையேற வேண்டும். நாமோ முட்களில் விழுந்தோம். பதினேழு முறை என்று மருமகன் எண்ணிச் சொன்னான். பதினெட்டாம் முறை ஏறிவிட்டோம். அப்போது நாம் எழுப்பிய கூச்சலுக்கு அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். புத்தி சொல்ல வந்தவர் கோலம் இது!

"தாவலின் நீளத்தை முதலில் அளந்து, பள்ளத்தை அதைவிட ஒரு நூல் குறைவாக வெட்டியிருக்கிறார்கள், மாமா. விழுந்தால் தவறு நம்முடையது என்று நமக்கே தெரிய வேண்டும்" என்றான் பையன். கட்டிங் மாஸ்டரின் பேச்சு! இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1989இல் வந்தது என்றும், அதை ஆக்கிய ஜோர்டன் மெக்னர் தம் இளவலை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளையே ஒவ்வொன்றாக வரைந்தெடுத்தார் என்றும் சொன்னான்.

மச்சான் எப்போது வந்து பின்னால் நின்றாரோ, தெரியவில்லை. "நன்றாகத்தான் செய்திருக்கிறான். விற்றதா?" என்று கேட்டார்.

பையன் சற்றே தயங்கினான், மறைக்கவில்லை. பாராட்டு நிறைய வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆக்கிய குழுவைக் கலைத்து வேறு பணிகளுக்கு அனுப்பிவிட்டதாக 2024 அக்டோபரில் செய்தி வந்தது என்றான்.

"சாம்பிள் ஓகே. ஆர்டர் வரவில்லை" என்றார் மச்சான். அவர் குரலில் ஏளனம் இல்லை. சென்ற ஆண்டு அவரே இரவெல்லாம் உட்கார்ந்து தைத்த சாம்பிளைப் புகழ்ந்துவிட்டு ஆர்டரை வேறிடத்தில் கொடுத்தார்கள். அந்தச் சட்டை இன்னும் அலமாரியில், அட்டை கட்டியபடி தொங்குகிறது.

"அதற்காக நீங்கள் மெஷினை விற்றுவிடவில்லையே, அத்தா" என்றான் பையன், மெல்ல.

மக்ரிபு பாங்கு ஒலித்தது. மூவரும் பள்ளிக்குச் சென்றோம். போகும்போதும் வரும்போதும் மச்சான் பேசவில்லை. வீடு திரும்பியதும், "வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?" என்றார். பையன் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சொல்லச் சொல்ல, டெலிவரி சலானொன்றின் பின்புறத்தில் எழுதிக் கூட்டினார். தொகை பெரிதாக வந்தது. அதன்கீழ்க் கோடிட்டுவிட்டு, மறுபடியும் மேலிருந்து கூட்டத் தொடங்கினார்.