தகரப் பெட்டியில் இருப்பவை

எங்கள் வில்லியனூர்ப் பக்கம் எண்பதுகளில் ஆசையாகப் படிக்கப்பட்டவை பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கின. வாடகை நூலகத்தில் கைமாறின. கடைசியில் எடைக்குப் போயின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எழுதிய மாத நாவல்கள். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸ், பிறகு லயன். இவற்றுக்கும் அடியில், கடைக்காரர் ஆள் பார்த்து எடுத்துத் தரும் பின் அடித்த புத்தகங்கள். யார் எழுதினாலும் அவற்றுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘சரோஜாதேவி புத்தகம்’.

பாகூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இவற்றையெல்லாம் தேடி வாங்கி ஸ்கேன் செய்து வைக்கிறார். அவருடைய அவசரத்துக்குக் காரணம் காகிதம். மலிவான நியூஸ்பிரிண்டில் மரக்கூழின் லிக்னின் நீக்கப்படாமலே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிரும். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தி, ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து செப்பேட்டில் நிற்கிறது. நாம் சிறுவயதில் படித்த நாவலுக்கு நாற்பது வருடமே அதிகம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகளுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. நியாயம்தான். ஆனால் மதிப்பில்லாததையும் யாராவது சேர்க்க வேண்டுமே! கோட்டையூர் ரோஜா முத்தையா நாவல், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பேதம் பார்க்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது.

காமிக்ஸைப் பகிர்வதில் அண்ணனுக்குக் கூச்சமில்லை. மறுபதிப்பு வருகிறதென்றால் தன் கோப்பை நீக்கிவிடுவார். தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் அந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்கள்தான் சிக்கல். “பேரப் புள்ளைங்க வந்து போற வூடு. எரிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன்” என்கிறார் அண்ணி.

எரிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு தலைமுறை ஆண்கள் பெண்ணைப் பார்க்கவும் ஆசையைப் பேசவும் எங்கே பழகினார்கள் என்பதற்கு அவை சாட்சி. அழகான சாட்சியல்ல, அதனாலேயே தேவை. “அப்போ எல்லாத்தையும் நெட்ல ஏத்திடலாமே அண்ணே” என்றேன்.

“அட்டையில இருக்குற பொண்ணைக் கேட்டா தம்பி அன்னிக்குப் படத்தைப் போட்டான்? இப்ப அது எங்கியாவது ஒரு பாட்டியா இருக்கும். அதோட பேரன் பார்க்கணுமா?”

பதில் சொல்ல முடியவில்லை. காப்பாற்றுவதும் கடைவிரிப்பதும் ஒன்றல்ல என்பதை நான் யோசித்திருக்கவில்லை, அவர் யோசித்திருந்தார். பக்கங்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் வைக்கிறார். ஒரு பிரதி என்னிடம். வெளியே போகப்போவது பட்டியல் மட்டும்: தலைப்பு, விலை, அச்சகம், ஆண்டு, எழுதியவர்.

அண்ணி பெட்டியை மாட்டுக்கொட்டகைப் பரணுக்கு ஏற்றிவிட்டார். அந்துருண்டை போட்டதும் அவர்தான். பட்டியல் 112 வரை வந்திருக்கிறது. ஆண்டு என்ற கட்டம் பல இடங்களில் காலி. எழுதியவர் என்ற கட்டத்தில் இதுவரை நம்பும்படியான ஒரு பெயர்கூட இல்லை.