நகலைப் பார்த்துக் கட்டிய தெரு

அமெரிக்க தேசத்தின் மத்தியில், மிஸ்ஸிஸிப்பி, மிஸ்ஸௌரி என்னும் இரு மகாநதிகளுக்கிடையே மக்காச்சோளம் விளைந்து செழிக்கும் அயோவா மாநிலத்திற்கு விவசாயத்தின் சிறப்பைக் காணச் செல்வோர் பலருண்டு; நானோ, சினிமாவின் சுவடுகளைத் தேடிக்கொண்டு அங்கே பிரயாணம் செய்தேன்.

விண்டர்செட் என்னும் சிற்றூரின் புறத்தே, 1883-இல் கட்டப்பெற்ற ரோஸ்மன் பாலம், செஞ்சாயம் பூசிய மரச்சுவர்களோடும் கூரையோடும் நிற்கிறது. பாலத்திற்குக் கூரை எதற்கு என்று வியந்த எனக்கு, தளத்தின் பெருமரங்கள் மழையில் நனைந்து உளுத்தபின் அவற்றை மாற்றுவதைவிடக் கூரை போடுவதே செலவு குறைவு என்ற காரணம் கிடைத்தது. இவ்வாறு சிக்கன புத்தியில் ஜனித்த பாலம், கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் மெரில் ஸ்ட்ரீப்பும் நடித்து 1995-இல் வெளிவந்த ‘த பிரிட்ஜஸ் ஆஃப் மாடிசன் கவுண்டி’யின் பயனாகக் காதலர்களுக்கு க்ஷேத்திரமாகிவிட்டது.

டயர்ஸ்வில்லில், அசரீரி கேட்ட ஒரு விவசாயி விளைந்த பயிரை அழித்துப் பேஸ்பால் மைதானம் அமைக்கும் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ கதைக்காக 1988-இல் மெய்யாகவே கொல்லையை அழித்துச் சமன்செய்த மைதானம், படப்பிடிப்பு முடிந்த பின்னும் அழியாமல் இருக்கிறது. தகப்பன்மார் பந்தெறியப் பிள்ளைகள் பிடிப்பதையும், மற்றவர்கள் படத்தில் வரும் ஆட்டக்காரர்களைப் போலவே சோளப் பயிருக்குள் புகுந்து மறைந்து, சிரித்துக்கொண்டே வெளிவருவதையும் கண்டேன்.

எல்லாவற்றினும் விசித்திரமானது மேசன் சிட்டி. அவ்வூரில் 1902-இல் பிறந்து, அணிவகுப்பு இசைக்குப் பேர்போன சூஸாவின் வாத்தியக் குழுவில் குழலூதிய மெரிடித் வில்சன், தம் பால்யத்து ஊரை ‘ரிவர் சிட்டி’ என்று பெயர் மாற்றி, 1957-இல் பிராட்வே மேடையேறிய ‘த மியூசிக் மேன்’ என்னும் இசை நாடகத்தில் வைத்தார். 1962-இல் அது திரைப்படமானபோது, கலிபோர்னியாவிலுள்ள வார்னர் ஸ்டூடியோவில் செட் போட்டு அந்த ரிவர் சிட்டியின் தெருவை எழுப்பினார்கள். இன்றோ, வில்சன் வாழ்ந்த வீட்டிற்கு அருகிலேயே, அந்தச் செட்டைப் பார்த்து 1912-ஆம் ஆண்டுத் தெருவொன்றை ஒரு கட்டடத்திற்குள் நிர்மாணித்திருக்கிறார்கள். மூல ஊரே தன் நகலுக்கு நகலெடுத்துக்கொண்டது!

முதலில் எனக்கு நகைப்பு வந்தது. ஆனால், சங்கீதமே அறியாத ஒரு புரட்டன், வாத்தியம் கற்பிப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறிக்க வந்தும், முடிவில் பிள்ளைகள் எப்படியோ வாசித்துவிடுவதும், அந்த அபஸ்வரத்திலேயே பெற்றோர் பூரித்துப்போவதுமல்லவா அந்தக் கதை? அக்கதையைத் தந்த ஊர், பொய்த் தெருவொன்றைக் கட்டி மெய்யாகவே பெருமிதம் கொள்ளுமானால், அதைக் குறைகூற எனக்கு வாயில்லை.